மாமியார் பற்றி ஒரு கள ஆய்வு

“மருமவ வந்தா இன்னா வேலை செய்யணும்னா கேக்கற? எல்லா வேலையும்தான்! இல்லாட்டி அப்பால எதுக்கு மருமவ?” என்று அதட்டினாள் மூக்குத்தி போட்ட அம்மாள்.

கார்குழலியின் கைப்பேசியில் ஒலிப்பதிவு அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அவள் எம்.ஏ. சமூகவியல், கடைசி வருடம். மீனவக் குடும்பத்துப் பெண்களைப் பற்றி ஆய்வு. திருவொற்றியூர்க் குப்பத்தில் எத்தனையோ வீடு இருக்க, அவள் இந்த வீட்டைத் தேடி வந்ததற்கு ஆய்வு மட்டும் காரணமில்லை, ஜெகதீசன்தான் காரணம். விசைப்படகில் கடலுக்குப் போயிருக்கும் அவனைத்தான் கட்டிக்கொள்ளப்போகிறாள், அவன் அம்மா மங்கம்மா சம்மதித்தால். அந்த அம்மாவை அவள் பார்த்ததே இல்லை.

“எங்கம்மா தங்கம். நேரா போயி பேசு” என்று ஜெகதீசன் சொல்லிக்கொண்டே இருந்தான். எந்தப் பிள்ளைதான் தன் அம்மாவைத் தகரம் என்று சொல்லும்? கேள்வி கேட்கிற சாக்கில் மாமியாரின் குணத்தைத் தெரிந்துகொள்ளலாம் என்று, ஜெகதீசனிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். எம்.ஏ. முடித்ததும் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. சேரவேண்டும். அதற்கு இந்த அம்மாள் குறுக்கே நிற்பாளா, மாட்டாளா? அது தெரிந்தாக வேண்டும்.

“மங்கம்மா அம்மா இருக்காங்களா?” என்று வாசலில் கேட்டபோது, “நான்தான், உள்ள வா” என்று கூப்பிட்டவள் இந்த மூக்குத்திக்காரி. கூட ஒருத்தி இறால் உரித்துக்கொண்டிருந்தாள். “இது பக்கத்து வூடு” என்று அவளைக் கைகாட்டியதோடு அறிமுகம் முடிந்தது.

“அது இன்னா கண்ணு, சமூகவியல்?” என்று கேட்டாள் இறால் உரித்தவள்.

“மனுஷங்க எப்படிச் சேர்ந்து வாழறாங்க, ஏன் சண்டை போட்டுக்கறாங்க, இதையெல்லாம் படிக்கிறதும்மா.”

“இதுக்கு காலேஜு வேறயா? எங்க கொழாயடிக்கு வா, ஒரே நாள்ல பாஸாயிடுவ!” என்றாள் மூக்குத்திக்காரி.

கார்குழலிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சும்மா உட்கார்ந்து கேள்வி கேட்கக் கூச்சமாக இருக்கவே, தட்டைத் தன் பக்கம் இழுத்து அவளும் இறால் உரிக்க ஆரம்பித்தாள்.

“வுடு கண்ணு, கை நாறும்.”

“நாறட்டும்மா, சோப்பு இருக்குல்ல?”

“நீ எந்த ஏரியா?”

கார்குழலியின் கை ஒரு நொடி நின்றது. ஏரியாவை வைத்தே சாதியை எடைபோடுவார்கள், கேட்டால் பெரம்பூர் என்று சொல்லிவிடு என்று தோழிகள் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

“வியாசர்பாடி. அப்பா மணலியில டேங்கர் லாரி ஓட்டறாரு. எங்க வீட்டுல புத்தர் படம்தான் மாட்டியிருக்கும்” என்றாள் பளிச்சென்று. சொல்லிவிட்டு மூக்குத்திக்காரியின் முகத்தைத்தான் பார்த்தாள். அங்கே ஒன்றும் தெரியவில்லை.

“கடைசிக் கேள்விம்மா. கல்யாணத்துக்கு அப்புறமும் மருமகள் பல்கலைக்கழகத்துல படிக்கணும்னு ஆசைப்பட்டா?”

“படிப்பா? புஸ்தகத்த மூட்ட கட்டி பரண்ல போட்டுட்டு மீன் கூடையத் தூக்கச் சொல்வேன். டாக்டருக்குப் படிச்சாலாச்சும் ஊசி போடுவா, சரின்னு வுடலாம். உன்ன மாதிரி ஊர் கதை கேக்கற படிப்புக்கு இன்னா மரியாதை கீது?”

கள ஆய்வுக்குப் போகிறவர்கள் எதிர்த்து வாதாடக் கூடாது என்று வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். கார்குழலிக்கு அது மறந்துபோனது. கல்லூரித் தமிழும் சேர்ந்தே மறந்தது.

“இன்னாமா பேசற நீ? நீங்க மீன் வித்துத்தான் பாதி குப்பம் சோறு துன்னுது. ஆனா மீனவர்னா ஆம்பளைங்கள மட்டும்தான் எழுதி வெச்சிகீறாங்க. உங்கள யாரு எழுதறது? ஊசி போடற டாக்டரா வந்து எழுதுவாரு? நான்தான் எழுதணும்! அந்தப் படிப்ப வுட்டாத்தான் இந்த வூட்டுக்கு வரலாம்னா, உம்புள்ளய நீயே வெச்சிக்கோ!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்றே அவளுக்கு உறைத்தது. ஐயோ!

“எம்புள்ளயா? அவன் எங்கடி வந்தான் இதுல?” என்று இடுப்பில் கைவைத்து எழுந்தாள் மூக்குத்திக்காரி.

கார்குழலிக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அழுகையாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. ஆனாலும் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப வாங்கிக்கொள்ள மனமில்லை. “கத்தினதுக்கு மட்டும் மன்னிச்சிடுங்கம்மா” என்று கைப்பேசியை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டப் போனாள். செருப்பு காலில் ஏறவே மாட்டேன் என்றது.

பின்னால் குபீரென்று ஒரு சிரிப்பு.

“அடியே மங்கம்மா, போதும்டி! இதுக்கு மேல என்னால மாமியார் வேசம் கட்ட முடியாது. பாவம், பொண்ணு அழுதுகினே போவுது பாரு!” என்றாள் மூக்குத்திக்காரி, இறால் உரித்துக்கொண்டிருந்தவளிடம்.

ஈரக் கையோடு ஓடிவந்து வாசலை மறித்துக்கொண்ட மங்கம்மா, “எம்புள்ள வாயில ரகசியம் தங்குமா கண்ணு, நீ வருவன்னு போட்டுல ஏறும்போதே சொல்லிட்டான்! நான் பொண்ணு பாத்துட்டேன், ரொம்பப் புடிச்சிகீது, நிச்சயத் தட்ட மாத்திக்கினு நீ பாட்டுக்குப் படி, ஆனா எழுதும்போது மொதல்ல என்னப் பத்தி எழுது” என்றாள்.