மனாசே வீட்டு வாசலில் மட்டும் நிற்கும் வண்டிகள்

போவாஸின் பனிவண்டி மனாசே வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. நின்றது நின்றதுதான்.

போவாஸ் எஞ்சினைக் கிளப்பும் கயிற்றைப் பிடித்து இழுத்தார். அவர் இழுத்த இழுப்பில் கிரீன்லாந்தே இரண்டடி இந்தப் பக்கம் நகர்ந்திருக்கும். வண்டி மட்டும் ஒரு முனகல்கூட முனகவில்லை.

கனடாவின் லாப்ரடார் கரையிலிருக்கும் அந்தச் சின்ன ஊரில் இந்தக் குளிர்காலம் வண்டிகளுக்கு ஒரு விநோத வியாதி. மற்ற இடங்களில் குதித்துக்கொண்டு ஓடும். மனாசே வீட்டு வாசலைக் கண்டால் படுத்துவிடும். தபால் ஆபீஸ் சலோமியின் வண்டி அங்கேதான் படுத்தது. ஆமோஸுடையதும் அங்கேதான்.

இத்தனைக்கும் அந்த ஊரில் வண்டி பழுதுபார்க்கத் தெரியாதவர் யாருமில்லை. தொட்டில் பிள்ளைகூட ஸ்பேனர் கேட்டுத்தான் அழும்.

மனாசேயின் வேலை வேறு. கடல் உறைந்ததும் அதன்மேல் முதல் காலை வைப்பவர் அவர். கம்பால் குத்திப் பார்த்து, இந்தப் பக்கம் போகலாம், அந்தப் பக்கம் வேண்டாம் என்பார். அதற்கப்புறம்தான் விறகுக்கும் கடல்நாய் வேட்டைக்கும் அக்கரைக் கல்யாணத்துக்கும் ஊர் கிளம்பும்.

அந்த ஊரில் இன்று உயிரோடு இருமிக்கொண்டிருக்கிற ஒவ்வொருவரும், ஏதோ ஒரு நாள், மனாசேயின் சொல்லின் மேல் நடந்து வீடு வந்து சேர்ந்தவர்.

இந்த வருஷம் கடல் உறையவே மறந்துபோனது. கிறிஸ்துமஸுக்கு மழை பெய்தது. மழை! பனிக்கரடிகள் குடை கேட்டு வராததுதான் குறை.

ஒருவழியாக ஜனவரியில் உறைந்தது. மனாசே 'போகலாம்' என்று சொன்ன இடத்தில், முதல் ஆளாகப் போன மனாசேயின் வண்டியே ஐஸ் உடைந்து உள்ளே போனது.

மனாசே நீந்திக் கரையேறினார். வீட்டுக்கு வந்து, கடல் பக்கத்து ஜன்னலில் போர்வையை மாட்டினார். அதோடு வெளியே வருவதை விட்டுவிட்டார்.

நர்ஸம்மா வந்து பார்த்தாள். கடல் சூடாகிப்போனது அவர் தப்பில்லை என்றாள். அதை நம்பி வாழ்ந்தவர்களுக்கு மனசும் ஆட்டம் காணும், இந்தக் கரை முழுக்க எத்தனையோ பேருக்கு இப்படித்தான் என்றாள். இப்போது மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

டீ இருக்கிறது, குடிக்கிறீர்களா என்று கேட்டார் மனாசே.

போகும்போது நர்ஸம்மா மனாசேயின் மனைவி சபீனாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: தனியாக மட்டும் விடாதீர்கள். சபீனா அதைக் கடையில் சொன்னாள். கடையில் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

மறுநாள்தான் முதல் வண்டி படுத்தது. அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, இன்று போவாஸுடையது.

"மனாசே! என் வண்டி நின்னு போச்சுடா!" போவாஸ் கதவைத் தட்டினார்.

"அது எப்படா ஓடுச்சு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

போவாஸுக்கு அந்த வசவு தேனாக இனித்தது. போன மாதமென்றால் இருமல்கூட பதிலாக வந்திருக்காது.

மனாசே வெளியே வந்தார். காலில் வீட்டுச் செருப்பு, இரவு உடைக்கு மேல் கோட்டு. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இதைக் கடல்ல தள்ளினாக்கூட வேணாம்னு திருப்பி அனுப்பிடும்டா."

கடல் என்றாரா? ஜனவரிக்கு அப்புறம் அந்தச் சொல் அவர் வாயில் வந்ததில்லை.

மனாசே வேலையைத் தொடங்கினார். பெல்ட்டைக் கழற்றித் துடைத்தார். பிரேக்கைத் தட்டிப் பார்த்தார். பின்னால் இழுத்து வந்த சறுக்குவண்டியின் முடிச்சைக்கூட அவிழ்த்து மறுபடி கட்டினார். நடுநடுவே போவாஸை, போவாஸின் அப்பாவை, அவர்கள் வம்சத்தில் யாருக்குமே எண்ணெய் விடத் தெரியாததை எல்லாம் திட்டினார். சபீனா ரொட்டியும் டீயும் கொண்டுவந்தாள். டீ ஆறி, அதன்மேல் ஐஸ் ஏடு கட்டியது. திட்டு மட்டும் ஆறவில்லை.

கடைசியில் மனாசே கையை நீட்டினார்.

"குடு."

"எதை?"

"ஸ்பார்க் பிளக்கை. உன் கோட்டுப் பையில இருக்குல்ல, அதை."

போவாஸ் வானத்தைப் பார்த்தார். சபீனாவைப் பார்த்தார். அப்புறம் வேறு வழியில்லாமல் பைக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுத்தார். பிளக் வெதுவெதுப்பாக இருந்தது.

"எப்படா கண்டுபிடிச்ச?"

"சலோமி வந்தன்னைக்கே. பிளக்கைப் புடுங்கினது போதாதுன்னு, பெட்ரோலையும் வடிச்சுட்டு, வண்டியை வீட்லேர்ந்தே தள்ளிக்கிட்டு வந்தா, மகராசி."

"தெரிஞ்சும் ஏன்டா ஒண்ணும் சொல்லல?"

மனாசே பிளக்கை முடுக்கிக்கொண்டே இருந்தார். அது எப்போதோ இறுகிவிட்டது.

"சொல்லிட்டா வர மாட்டீங்களே."

போவாஸுக்கு மூக்கு ஒழுகியது. குளிர்தான்.

மனாசே ஸ்பேனரைத் துடைத்து வைத்தார். "நாளைக்கு யாரு?"

"போதகர்."

"அந்த மனுஷனுக்குப் பொய்யே வராதேடா."

"அதான் அவரைக் கடைசியா வெச்சோம்."

மனாசே சிரித்தார். கையிலிருந்த எண்ணெயை இரவு உடையிலேயே துடைத்துக்கொண்டார்.

"மத்தியானத்துக்கு மேல வரச் சொல்லு. காலையில நான் ஐஸைக் குத்திப் பாக்கப் போறேன்."