முந்தி எழுந்தவர்

"இதுல புதுசா என்னம்மா இருக்கு?" என்றார் ரிட்டர்ன் சார்.

அவர் வெளியிலிருந்து வந்த தேர்வாளர். எந்த ஆய்வேட்டையும் ஒருமுறையாவது திருப்பி அனுப்பாமல் விட்டதில்லை. அதனால் மாணவர்கள் வைத்த பெயர்.

எதிரே நின்ற மாணவியின் ஆய்வேட்டை ஏற்கெனவே இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். இன்றும் ஒப்புக்கொள்ளாவிட்டால் பதிவுக் காலம் முடிந்துவிடும். பட்டம் கிடையாது.

ஆய்வு, வரிசைகளைப் பற்றியது. நிற்கிறவர்கள், இடையில் புகுகிறவர்கள், புகுந்தவரைப் பார்த்தும் பார்க்காததுபோல இருப்பவர்கள்.

அவள் ஏதோ சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல அறிகுறி இல்லை.

இனி அவையினர் கேட்கலாம் என்று நெறியாளர் அறிவித்தார்.

வைவா எனும் வாய்மொழித் தேர்வில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்பது விதி. யாரும் கேட்பதில்லை என்பது நடைமுறை. ஆகவே கேள்விகளை எழுதிக் கொடுத்து, ஆள் பிடித்து, அங்கங்கே உட்கார வைப்பது ஆய்வு செய்தவரின் பொறுப்பு.

முதலில் ஜூனியர் பெண். அடுத்து நூலகர். கடைசியாக அக்காவின் கணவர்.

பதில்களையும் அதே வரிசையில் மனப்பாடம் செய்திருந்தாள். வரிசை மாறினால் அவளுக்கு எதுவும் வராது. பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான்.

அத்தான் ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவர். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டில் வந்திருந்தார். கடையைப் பூட்டிவிட்டு வந்த அவசரம் முகத்தில் தெரிந்தது.

நெறியாளர் வாயை மூடுவதற்குள் எழுந்துவிட்டார்.

இடையில் புகுந்தவரை வரிசை ஏன் சகித்துக்கொள்கிறது என்று தங்குதடையில்லாமல் கேட்டார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. யாரோ பெரிய அறிஞர்.

அவள் வாயைத் திறந்தாள். முதல் பதில் வந்தது. தரவுகளை எங்கெங்கே, எப்படித் திரட்டினாள் என்பது. நிறுத்த முடியவில்லை.

அத்தான் ஆழ்ந்து தலையாட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஆட்டினார்கள்.

ஜூனியர் பெண் எழுந்தாள். தரவுகளை எப்படித் திரட்டினீர்கள் என்று கேட்டாள். அவளிடம் இருந்தது அந்தக் கேள்வி மட்டும்தான். பதிலுக்கு இவள், இந்த ஆய்வால் யாருக்குப் பயன் என்பதை விளக்கினாள்.

யாருக்குப் பயன் என்று நூலகர் கேட்டார்.

புகுந்தவரைத் தட்டிக்கேட்டால் சண்டை வரும், சும்மா இருந்தால் வரிசை நகரும், அதனால்தான் சகித்துக்கொள்கிறார்கள் என்றாள்.

நெறியாளர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிட்டர்ன் சார் ஒவ்வொரு பதிலுக்கும் எதையோ குறித்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகச் சொன்னார்.

கைதட்டலில் அத்தானுடையதுதான் பலமாகக் கேட்டது.

தேநீர் கொடுத்தபோது ரிட்டர்ன் சார் நேராக அத்தானிடம் போனார். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டால் தொலைந்தோம். கோப்பையோடு பின்னாலேயே ஓடினாள்.

அவர் அத்தானின் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போய்விட்டிருந்தார்.

"அடுத்த மாசம் எம் பொண்ணுக்கு வைவா. நீங்க அவசியம் வரணும்," என்றார் தாழ்ந்த குரலில். "ஆனா உங்க முறை வந்தப்புறம் எழுந்திரிங்க."