இடுக்கில்லாத கூண்டு

தச்சர் கோழிக்கூண்டுக்கு முன்னால் குந்துகிறார். வெயில் என்ற பெயரில் வெளிறிய ஏதோ ஒன்று மதில்மேல் கிடக்கிறது. தண்ணீர்த் தட்டில் பனிக்கட்டி. குளிர் தொடங்கிய வாரம் கூண்டின் இடுக்குகளை எல்லாம் ரீப்பர்ச் சட்டங்கள் அடித்து அவரேதான் அடைத்தார். நூல் நுழையாது என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். கோழிகள் விட்ட மூச்சு வெளியே போக வழியில்லாமல் பலகையில் நீராகக் கோத்து, உறைந்து, கொண்டைகளைக் கருக்கியது. "குளிர் இல்லய்யா, ஈரம்தான் கொல்லுது" என்று மாட்டு டாக்டர் வந்து சொன்னபோது ஆறில் ஐந்து போயிருந்தன. நேற்றுதான் மேல்பலகை ஒன்றைப் பெயர்த்தார். அந்த வழியாக, தினமும் வந்துபோகும் மொட்டைவால் பூனை உள்ளே இறங்கியிருக்கிறது. மிஞ்சிய சிவப்புக் கோழியின் வயிற்றோடு ஒட்டிச் சுருண்டு குறட்டை விடுகிறது. கோழியின் ஓர் இறகுகூடக் கலையவில்லை. "என்னங்க, எப்படி இருக்கா என் செல்லம்?" சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி கேட்கிறாள். "கொண்டைக்குத் தடவ எண்ணெய் சுட வச்சிருக்கேன்." "பூனையும் அவளும் ஒட்டிக்கிட்டுப் படுத்திருக்காங்க" என்கிறார் அவர். "அட, அதிசயத்த பாரேன்! பாவம், தூங்கட்டும். எழுப்பிடாதீங்க." அவர் கை அதற்குள் இரண்டுக்கும் நடுவே போயிருக்கிறது. ஒரு பக்கம் வெதுவெதுப்பாக ஏறி இறங்குகிறது. மறுபக்கம் பலகையைப் போலக் கிடக்கிறது. "எழுப்பல" என்கிறார். கதவைச் சாத்துகிறார். அவர் செய்த கதவு. சத்தமே இல்லாமல் கச்சிதமாகப் பொருந்துகிறது.