ஒரு கால் செருப்பு

தண்ணீர் வண்டிக்காரர் சிறுமியைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தபோது, பூங்காவின் அறிவிப்புக் கூடாரத்தில் மைக்கின் முன் உட்கார்ந்திருந்தவள் விரலைத் தன் உதட்டின் மேல் வைத்தாள்.

எதையோ சொல்லத் திறந்த வாயைச் சிறுமி மூடிக்கொண்டாள்.

"நீரூற்றுப் பக்கம் தனியா நின்னுட்டிருந்துச்சு, தங்கச்சி. ஒரு கால்ல செருப்பக் காணோம். யாரு கூட வந்தேன்னு கேட்டா முழிக்குது. அறிவிச்சு விடு."

மஞ்சள் கவுன். வலது காலில் மட்டும் நீலச் செருப்பு. சிறுமி அழவில்லை. நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, வாயை இறுக்கி மூடியபடி கால்களை ஆட்டத் தொடங்கினாள்.

கோடை முழுவதும் பூங்காவில் நகராட்சி ஏதாவது ஒன்றை நடத்திக்கொண்டிருந்தது. இலவசக் கண் பரிசோதனை, நடமாடும் நூலகம், மாலையில் திறந்தவெளியில் சினிமா. ஞாயிறு என்றால் கால் வைக்க இடமிருக்காது. மற்ற தற்காலிக ஊழியர்கள் அந்த நாளைத் தட்டிக்கழிக்கவே பார்த்தார்கள். இவள் மட்டும் மாதத்தில் ஒன்றைத் தவிர எல்லா ஞாயிறுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். வீட்டில் ஆளே இல்லையா என்று தண்ணீர் வண்டிக்காரர் ஒருமுறை கேட்டதற்குச் சிரித்து மழுப்பினாள்.

தொலைந்த குழந்தைகள் கூடாரத்துக்கு ஒரு விதி உண்டு. குழந்தையின் பெயரை மைக்கில் சொல்லக் கூடாது. உடையை மட்டும்தான் சொல்ல வேண்டும். பெயர், தேடி வருகிறவரின் வாயிலிருந்து வர வேண்டும்.

அவள் மைக்கை எடுத்தாள்.

"மஞ்சள் கவுன் அணிந்து, ஒரு காலில் மட்டும் செருப்புடன் ஒரு பெண் குழந்தை எங்கள் கூடாரத்தில் இருக்கிறாள். அழைத்து வந்தவர் உடனே வரவும்."

தண்ணீர் வண்டிக்காரர் தலையை ஆட்டிவிட்டு வண்டிக்குத் திரும்பினார்.

மைக்கின் கழுத்தில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்திக்கொண்டே பேசினால்தான் கம்பங்களில் கட்டிய ஒலிபெருக்கிகளில் குரல் கேட்கும்.

அவளுடைய கட்டைவிரல் பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தது. பொத்தானின் மேல் இல்லை.

துப்பட்டாவால் சிறுமியின் கால்களைத் துடைத்தாள். விரல் இடுக்குகளில் ஒட்டியிருந்த மணலை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஈரத் தலையைத் துவட்டும்போது குனிந்து முகர்ந்தாள். அவளுக்குத் தெரியாத ஏதோ ஷாம்பூவின் வாசனை.

இன்னும் கொஞ்ச நேரம்.

கூடாரத் துணி வெயிலில் கொதித்தது. மின்விசிறி சூட்டையே திருப்பித் திருப்பி அனுப்பியது. யாராவது வாசலைக் கடந்தால் அவள் எழுந்தாள். கடந்து போனதும் உட்கார்ந்தாள். இடையில் பொத்தானை அழுத்தி, சினிமாவுக்கு வருகிறவர்கள் உட்கார விரிப்பு கொண்டுவர வேண்டும் என்று அறிவித்தாள். பொத்தானை விட்டுவிட்டு, மஞ்சள் கவுன் என்றாள்.

தண்ணீர் வண்டிக்காரர் திரும்பி வந்தார்.

"தங்கச்சி, விரிப்பு கொண்டாரச் சொன்னது வண்டிகிட்ட எனக்குக் கணீர்னு கேட்டுச்சு. புள்ளையப் பத்தி மட்டும் ஒரு தடவகூடக் கேக்கல. மைக்குக்கே புள்ளைங்கன்னா ஆகாதா?"

"வயர் லூசா இருக்கும், அண்ணே."

"இரு, கரண்டுக்காரரக் கூட்டிட்டு வரேன்."

அவர் திரைத் துணியை விலக்கிய இடைவெளியில் நீரூற்று தெரிந்தது.

முழங்கால் ஆழத் தண்ணீருக்குள் பேன்ட் சட்டையோடு ஒருவர் நின்றிருந்தார். ஒரு நீலச் செருப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, குனிந்து, இரண்டு கைகளாலும் தண்ணீரின் அடியைத் தடவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து எதையோ கத்தினார். குழந்தைகளின் கூச்சலில் குரல் கேட்கவில்லை, வாய் மட்டும் திறந்து மூடியது. மறுபடி குனிந்தார். இது ஏதோ புது விளையாட்டு என்று நினைத்து இரண்டு பொடியன்கள் அவரைப் போலவே குனிந்து தடவினார்கள்.

அவள் பொத்தானை அழுத்தினாள்.

"மஞ்சள் கவுன்..." குரல் பூங்கா முழுவதும் ஒலித்தது. "பத்திரமா இருக்கா. கூடாரத்துல பத்திரமா இருக்கா."

அவர் தண்ணீரை உதைத்துக்கொண்டு ஓடி வந்தார். அறிவிப்பைக் கேட்டுப் பாதியில் திரும்பிய தண்ணீர் வண்டிக்காரர் வாசலிலேயே கை நீட்டி மறித்தார்.

"கொழந்தைக்கு நீங்க என்ன வேணும், சார்?"

"அப்பா," என்றார். குழந்தையின் பெயரையும் சொன்னார். மண்டியிட்டு அந்தச் செருப்பைச் சிறுமியின் காலில் மாட்டப் பார்த்தார். ஈரத்தில் வார் வழுக்கியது. அப்படியே குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தபோதுதான் மைக்கைப் பிடித்திருந்தவளின் முகத்தைப் பார்த்தார்.



"மாசத்துல ஒரு ஞாயிறுன்னுதான கோர்ட்டு சொல்லுச்சு," என்றார், தாழ்ந்த குரலில். "இது உன் ஞாயிறு இல்லையே."

தண்ணீர் வண்டிக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

குழந்தை கிடைத்துவிட்டால் அதையும் அறிவித்தாக வேண்டும். அவள் மைக்கை வாயருகே கொண்டுபோய்ப் பொத்தானை அழுத்தினாள். குழந்தை உரியவரிடம் சேர்ந்துவிட்டாள் என்று சொல்ல வேண்டும். 'குழந்தை' என்று தொடங்கியவள் 'உரியவரிடம்' என்ற சொல்லுக்கு முன் நிறுத்திக்கொண்டாள்; விரல் பொத்தானின் மேலேயே இருந்தது.

மௌன விளையாட்டு முடிந்துவிட்டதாக நினைத்த சிறுமி, அப்பாவின் தோளிலிருந்து சரிந்து மைக்கின் பக்கம் குனிந்தாள். அவள் கேட்டது பூங்காவின் எல்லாக் கம்பங்களிலிருந்தும் கேட்டது.

"அம்மா, அடுத்த ஞாயித்துக்கிழமையும் நான் தொலைஞ்சு போகட்டுமா?"