வளைகாப்பு முகம்

காய்ச்சல் கண்டதுமே, சொர்ணத்தின் மருமகள் இளவேனிலின் உடம்புச் சத்துகளைக் கட்டுப்படுத்தும் கைப்பட்டை, ரத்தத்துக்குப் போகும் இரும்பைப் பூட்டிவிட்டது. சுண்ணாம்பாய் வெளுத்துக் கிடந்தாள். நாளைக்கு வளைகாப்பு. 'மருமகளுக்குச் சோறு போடலையா?' என்று சம்பந்தியம்மா வாய்க்கு வந்தபடி பேசுவாளே! முகத்தில் ரத்தம் ஊறட்டும் என்று சொர்ணம், இளவேனில் அசந்த நேரம் பார்த்து, வீட்டுப் பெரியவளாகப் பட்டையில் பதிந்திருந்த தன் கட்டைவிரலை வைத்துப் பூட்டைத் திறந்துவிட்டாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று.

"கிருமி தின்னுடக் கூடாதுன்னுதான் காய்ச்சல்ல உடம்பே இரும்பை ஒளிச்சு வைக்குது. பட்டையும் அதுக்குத்தான் பூட்டுச்சு. யாரு திறந்தது?" என்று நர்ஸ் அதட்டினாள்.

"நான்தான் சிஸ்டர்," என்று முனகினாள் இளவேனில்.

நர்ஸ் பட்டையைத் திரையில் இணைத்தாள். கைரேகையோடு சொர்ணத்தின் பெயர் வந்தது.

தகவல் கேட்டு ஓடி வந்திருந்த சம்பந்தியம்மா அதைப் படித்தாள். திரும்பி, மகளின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றினாள்.

வாய்க்கு வந்தபடி பேசியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சொர்ணத்துக்கு.