இறந்தகாலத்தில் ஒரு வாக்கியம்

டீச்சர் பலகையில் அந்தச் சொல்லை எழுதியதும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கீப்.

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தேவையே இருக்கவில்லை. அவளுக்கு முழுசாகத் தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல் அதுதான்.

தண்ணீர்க் குழாயடியில் கேட்டிருக்கிறாள். ரேஷன் கடை வரிசையில் கேட்டிருக்கிறாள். பிளவுஸ் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் படியிறங்கியதும் சொல்லிக்கொள்வார்கள்.

"அந்தக் கொப்பரைக்காரரோட கீப்பு."

குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். ஆனால் அவள் காதில் விழுகிற அளவுக்குத் தாழ்த்துவார்கள்.

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், செல்போன் கடை மாடியில் நடக்கிற ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு அது. எல்லாம் காலேஜ் முடித்த பிள்ளைகள். நரைத்த தலை அவளுடையது மட்டும்.

எதற்குச் சேர்ந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

சாயங்காலங்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவ்வளவுதான். விளக்கு வைக்கிற நேரத்தில் அவருக்குக் கஞ்சி கரைத்துக் கொடுத்துப் பழகிய கை. இப்போது தையல் மெஷினை நிறுத்தினால் வீட்டில் வேறு சத்தமே இல்லை.

"இதுக்கு ஒரே அர்த்தம்னு இல்லீங்க," என்றாள் எஸ்தர் டீச்சர். சின்னப் பெண். விரலெல்லாம் சாக்பீஸ் தூள். "கீப் த கீ. சாவிய வெச்சுக்கோ. கீப் கொயட். பேசாம இரு. கீப் யுவர் ப்ராமிஸ். குடுத்த வாக்கக் காப்பாத்து. ஒருத்தருக்குச் சோறு போட்டு, துணிமணி எடுத்துக் குடுத்து வெச்சுக் காப்பாத்தறோம் பாருங்க, அதுக்கும் இதே சொல்லுதான்."

அவள் தலை மெல்ல நிமிர்ந்தது.

"ரொம்பப் பழைய காலத்துல, கண்ணு எடுக்காமக் கவனிக்கறதுக்குத்தான் இந்தச் சொல்லாம். நாம 'பாத்துக்கோ'ன்னு சொல்றமே, அந்த மாதிரி. அதுக்கும் முன்னாடி எங்கிருந்து வந்துச்சுன்னு படிச்சவங்களுக்கே தெரியலையாம்."

பாத்துக்கோ.

கொப்பரைக் களம் நொடித்துப்போன வருஷம் அவர் படுத்தார்; வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்று அவர் மகன்களே ஆட்டோவில் கொண்டுவந்து அவள் வாசலில் இறக்கினார்கள். பெரியவன் அதைத்தான் சொன்னான். "பாத்துக்கங்க." அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

அதன்பிறகு அவர் சாப்பிட்டதெல்லாம் பிளவுஸ் தைத்த சோறு.

குளிப்பாட்டினாள். முகம் மழித்துவிட்டாள். மாத்திரை வாங்க, தைத்து முடிக்காத துணிக்கும் முன்கூட்டியே கூலி கேட்டாள்.

அவர் போனதும் அதே மகன்கள் வேன் கொண்டுவந்தார்கள். வேனில் அவளுக்கு இடம் இல்லை. பின்னாலேயே பஸ் பிடித்துப் போனாள். பந்தலில் யாரோ, "யாருங்க அந்தம்மா?" என்று கேட்டார். பெரியவன் சொன்னது அந்தக் குழாயடிச் சொல்தான்.

எதிர்ச்சாரியில் டிரான்ஸ்ஃபார்மர் அடியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

அவளுக்கு வளையல் உடைக்கக்கூட யாரும் வரவில்லை.

"இறந்தகாலத்துல இது கெப்ட் ஆயிரும்," என்றாள் டீச்சர். "ஆளுக்கொரு வாக்கியம் சொல்லுங்க."

போனைப் பையில் வைத்தேன் என்றான் ஒருவன். ரகசியத்தைக் காத்தேன் என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

"சௌந்தரம் மேடம், நீங்க?"

அவள் எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஐ கெப்ட் ஹிம்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். டீச்சர் அன்பாகத்தான் திருத்தினாள். "ஹிம்னா ஆளுங்க மேடம். பொருளுக்கு இட் வரும். ஐ கெப்ட் இட்."

"ஆளுதானுங்க டீச்சர்."

டீச்சர் அவளைப் பார்த்தாள். பிறகு திரும்பி, அவள் சொன்னதைச் சொன்னபடியே பலகையில் எழுதினாள்.

சிரித்த பிள்ளைகளும் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

வகுப்பு முடிந்து மாடிப்படி இறங்கும்போது பக்கத்து இருக்கைப் பெண் வைஷாலி கூடவே வந்தாள். ஹோட்டல் வேலைக்கு இன்டர்வியூ போக இருக்கிறவள். படி செங்குத்து என்று சௌந்தரத்தின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஹிம் யாருங்கக்கா? உங்க வீட்டுக்காரரா?"

சௌந்தரம் படியில் நின்றுவிட்டாள்.

இத்தனை வருஷத்தில் ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. எப்படித் தலையசைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அவங்க பேரென்னங்கக்கா?"

வாய் திறந்தாள். பேர் வரவில்லை. வீட்டுக்காரர் பேர் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் வாயில் வராத மாதிரியே அவளுக்கும் வரவில்லை. வெட்கமாக இருந்தது. இந்த வயசில், இவ்வளவுக்கும் அப்புறம்.

"பழனி மலை மேல நிக்கறாரல்ல. அந்தச் சாமி பேரு."

"முருகனா?"

"இல்ல கண்ணு. கையில கோல் புடிச்சுட்டு நிக்கறாரே."

வைஷாலி யோசித்தாள். கீழே பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் சத்தம். பிறகு சட்டென்று அவள் முகம் மலர்ந்தது.

"தண்டபாணியா?"

சௌந்தரம் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டாள்.

"இன்னொருக்காச் சொல்லு கண்ணு," என்றாள்.