இமெல்டாவின் வாய்

"இமெல்டாவோ? அவவின்ரை வாயிலை ஒரு கதை நிக்குமோ?"

கமலாதேவி எழும்பி நின்று கேட்டதும் மண்டபமே சிரித்தது. பின்னால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த இமெல்டாவும் சேர்ந்து சிரித்தார். அவர் என்ன செய்வார், உண்மைதானே.

ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில் தமிழ்ச் சங்கத்தின் சனிக்கிழமைக் கூட்டம். மனநோய் குடும்ப வழியாக வருகிறதா என்று மரபணுவில் தேடுகிற ஆராய்ச்சிக்குத் தமிழர்களும் வேண்டுமாம். சின்னக் குழாயில் துப்பிக் கொடுத்தால் போதும். கொடுக்கத்தான் ஆளில்லை.

"தமிழருக்கு விசர் எண்டு நாளைக்குப் பேப்பரிலை போட்டால் நாங்கள் என்ன செய்யிறது?" என்று ஒருவர் கேட்டார்.

ஆராய்ச்சிக்காரி கம்சாயினி ஒஸ்லோவில் பிறந்த பிள்ளை. பொறுமைசாலி.

"அதுக்குத்தான் அங்கிள், உங்களிலை ஒராள் எங்கடை குழுவிலை இருக்கவேணும். முடிவை அவர் பார்த்து ஓம் எண்டால்தான் வெளியிலை விடுவம். பயப்பிடுற ஆக்களோடை வீட்டை போய்க் கதைக்கிறதும் அவர்தான்."

சங்கத் தலைவர் அருட்பிரகாசம் யோசிக்கவே இல்லை. "இமெல்டா இருக்கட்டும். அவவுக்குத் தெரியாத வீடில்லை" என்றார்.

அங்கேதான் வந்தது வினை.

யார் புதுக் கார் வாங்கினார், யார் கார் ஓடும் சோதனையில் மறுபடியும் தவறினார், எந்தக் கலியாணத்தில் சோறு போதாமல் போனது, எல்லாம் இமெல்டாவிடம் புறப்பட்டுத்தான் ஊர் சுற்றும். சம்பந்தம் பேசுகிறவர்களும் முதலில் அவருக்குத்தான் போன் எடுப்பார்கள். விசாரிக்காமல் எங்கள் ஆட்கள் பெண் எடுப்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. அதில் குரலைத் தாழ்த்திக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அந்த வீட்டிலை ஆருக்கும் விசர் கிசர் இருக்கோ?"

"ஆர் துப்பினது எண்டு இவவுக்குத் தெரிஞ்சால், நாங்கள் வீட்டை போய்ச் சேர முதல் கதை அடுத்த ஊர் திராமன் வரைக்கும் போயிடும்" என்றார் கமலாதேவி. "பிறகு அந்த வீட்டிலை ஆர் சம்பந்தம் செய்வினம்?"

சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பயம் எல்லோருக்கும் இருந்தது. சிலர் எழுந்து குளிர் ஜாக்கெட்டை மாட்டினார்கள். கம்சாயினி குழாய்களைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினாள். பார்க்கப் பாவமாக இருந்தது.

"ஒரு நிமிசம் நில்லுங்கோ."

எழுந்தது துஷ்யா. கமலாதேவியின் மருமகள்.

"மாமி, என்னை எடுக்க முதல் இமெல்டா அன்ரியை விசாரிச்சனீங்கள்தானே?"

"ஓம். விசாரிக்காமல் எடுப்பனே?"

"என்ன சொன்னவா?"

"நல்ல குடும்பம், கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கோ எண்டவா. அதுக்கென்ன இப்ப?"

துஷ்யா முன் கதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ரை அண்ணா சயூரன் தூரத்திலை வேலை செய்யிறார் எண்டு உங்களுக்குச் சொன்னம். வேலை இல்லை மாமி. அவருக்கு மனநோய். என்ரை கலியாணத்துக்கு முதலே வந்தது. திராமனிலை ஒரு பராமரிப்பு வீட்டிலை இருக்கிறார். அவரைக் கேட்டுட்டுத்தான் இதைச் சொல்லுறன். இமெல்டா அன்ரிதான் ஞாயிறு பூசை முடிய அம்மாவைக் காரிலை ஏத்திக்கொண்டு அங்கை போறவா. அப்பவும் போனவா, இப்பவும் போறவா."

கலியாணம் கட்டிய பெண் சபையில் சொல்லக்கூடிய பேச்சா இது? எல்லோருடைய பார்வையும் கமலாதேவியின் முகத்துக்குப் போனது. இன்றைக்கு இந்தப் பிள்ளை வீட்டுக்குப் போனமாதிரித்தான் என்று பக்கத்தில் இருந்தவர் முணுமுணுத்தார்.

கமலாதேவி மெதுவாக இமெல்டாவின் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சுகொண்டே எனக்குச் சொல்லேல்லையோ?"

இமெல்டா கேத்திலைக் கீழே வைத்தார். "பிள்ளை நல்ல பிள்ளை, குடும்பம் நல்ல குடும்பம். அது எனக்குத் தெரியும், சொன்னனான். மற்றது அவையின்ரை கதை. அவைதான் சொல்லவேணும்."

கமலாதேவி மருமகளுக்குக் கிட்ட வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உம்மடை அம்மாவும் எங்களைப் பற்றி இவவிட்டைத்தான் விசாரிச்சிருப்பா, என்ன?"

"ஓம் மாமி."

"என்ன சொன்னவாவாம்?"

"அதே வசனந்தான். நல்ல குடும்பம், கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கோ."

"வேறை ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லையே. வேறை என்ன கிடக்கு?"

கமலாதேவி மருமகளின் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "நீர் இரும் பிள்ளை, பயப்பிடாதையும்." நேரே கம்சாயினியிடம் போய்க் கையை நீட்டினார்.

"முதல் குழாயை எனக்குத் தாரும்."

கமலாதேவியின் குரல் மண்டபம் முழுக்கக் கணீரென்று கேட்டது.

"மகன் பிறந்த கையோடை எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. மாதக்கணக்கா ஆஸ்பத்திரியிலை கிடந்தனான். அவனை, இந்தத் துஷ்யான்ரை புருசனை, பால் குடுத்து வளர்த்தது இந்த இமெல்டாதான். அண்டு தொட்டு இண்டுவரைக்கும் நான் இவவின்ரை வாய்க்குத்தான் பயந்து செத்துக்கொண்டிருந்தனான்."

இமெல்டா ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார்.

"கமலா, மெல்லக் கதையும். சனத்துக்குக் கேக்கப்போகுது."